தரையில் ஊற்ற மட்டும்

ஆபத்தே இல்லாத ஒரு திரவத்தை அந்தக் கட்டடத்துக்குள் கொண்டுவருவது எவ்வளவு பெரிய வம்பு என்று பென்சிலக்காவுக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டாள். அவளிடம் நேரம் இல்லை. அன்றைக்குப் புதன்கிழமை. பன்னிரண்டே நாள்தான் இருந்தது.

மெல்லிய பொருள் ஆய்வு நிலையம், இரண்டாம் மாடி, ஏழாம் எண் அறை. ஏழு வருடமாக அங்கே அவளுக்கு ஒரே வேலை. கிராபைட் பொடியை, அதாவது பென்சிலுக்குள் இருக்கிற அதே கருப்பை, ஒரு திரவத்தில் போட்டு, ஒலியால் அதிரும் தொட்டியில் மணிக்கணக்காக வைத்து, தாள் தாளாக உரிக்க வேண்டும். ஒட்டிப்போன காகிதக் கட்டைத் தண்ணீரில் ஊறவைத்து உலுக்கினால் ஒவ்வொன்றாகப் பிரிந்து மிதக்குமே, அந்தக் கதைதான். அப்படிப் பிரிவதில் ஆக மெல்லிய தாளுக்குப் பெயர் கிராபீன். பிறகு எல்லாவற்றையும் சுழலும் இயந்திரத்தில் வைத்துச் சுற்றினால் தடித்ததெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடும். மேலே நிற்கிற கருப்பை வடித்து எடுத்தால் மின்சாரம் பாய்கிற மை. மாலையில் வீட்டுக்குப் போகும்போது அவள் நகக்கண் பத்தும் பென்சில் சீவிய மாதிரி இருக்கும். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவளுக்கு வேறு பெயர் கிடையாது.

சங்கடம் அந்தத் திரவத்தில் இருந்தது. தண்ணீரில் கிராபைட் பிரியாது. பிரிந்தாலும் மறுபடி கட்டிப்பிடித்துக்கொள்ளும். அதனால் நிலையம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு குறிப்பிட்ட சால்வென்ட்டைத்தான் பயன்படுத்தினார்கள். நிறமில்லாதது, மீன் வாடையில் லேசாக மூக்கைத் தொடுவது. பாட்டிலின் மேல் ஒரு மனித உருவம், அதன் நெஞ்சு வெடித்துச் சிதறுகிற மாதிரி படம். கீழே சின்ன எழுத்தில் எட்டு வரி. எட்டாவது வரி: கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு விளைவிக்கலாம்.

ஏழு வருடம் தினமும் பார்த்த வரி. இரண்டு வருடத்துக்கு முன்பு வரை அது வேறு யாருக்கோ எழுதியதாக இருந்தது. இப்போது அவளுக்குப் பத்தாவது வாரம்.

போன தடவை மூன்றாவது மாதத்தோடு முடிந்துபோயிற்று. இதனால்தான் என்று டாக்டர் எதையும் சொல்லவில்லை. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். அந்தப் பேனா மூடிய சத்தம் இரண்டு வருடமாக அவள் காதிலேயே இருந்தது.

நிலையத்தில் இதற்கு விதி இல்லாமல் இல்லை. கருவுற்ற ஊழியர் எழுதிக் கொடுத்தால் உடனே பாதுகாப்பு விடுப்பு. ஒப்பந்த ஊழியர் என்றால் விடுப்பு நாளில் ஒப்பந்தமும் ஓய்வெடுக்கும், திரும்பி எழுந்திருக்காது. இதுவரை இரண்டு பெண்களை நிலையம் இப்படி முழுமையாகப் பாதுகாத்திருந்தது. ஒருத்தி இப்போது துணிக்கடையில் நிற்கிறாள். இன்னொருத்தி எங்கே என்று தெரியவில்லை. பென்சிலக்காவுக்கு எட்டு வருடம் முடிய இன்னும் ஐந்து மாதம். முடித்தால் நிரந்தரம்.

“சொல்லிடேன்” என்றான் கணவன். லிஃப்ட் மெக்கானிக். எந்தச் சிக்கலையும் மேலே போ, கீழே போ என்று இரண்டே பொத்தானில் தீர்க்கிற ஆள்.

“சொன்னா பாதுகாத்துடுவாங்க” என்றாள் அவள்.

அதற்கு மேல் அவனிடம் பொத்தான் இல்லை.

மூன்று வாரமாக அவள் அந்தப் பாட்டிலைத் திறக்கவே இல்லை. பொடி நிறுத்தாள், குடுவை கழுவினாள், கழுவிய குடுவையை மறுபடி கழுவினாள். ஆனால் முதல் தேதி திங்கட்கிழமையிலிருந்து பெரிய அளவு உற்பத்தி. இருநூறு லிட்டர் பீப்பாய் ஏழாம் அறைக்கு வருகிறது. நாளுக்குப் பன்னிரண்டு லிட்டர். புகையை இழுக்கிற விசிறி ஒன்றரை வருடமாக ஓடவில்லை. அதன் மேல் ‘பரிசோதிக்கப்பட்டது’ என்று பச்சை ஸ்டிக்கர் மட்டும் ஆறு மாதத்துக்கொரு முறை புதிதாக வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அலமாரியில் ஒரு சாம்பிள் பாட்டில் கண்ணில் பட்டது. ஏதோ கருத்தரங்கில் அவளுக்கு மேலே இருந்த பேராசிரியருக்கு ஒரு கம்பெனி கொடுத்தது. மரக்கூழிலிருந்து எடுத்த திரவம். கொஞ்சம் கெட்டி, லேசான கருகல் இனிப்பு வாசனை. கூட வந்த தாளில் நெஞ்சு வெடித்த மனிதன் இல்லை; கண்ணில் பட்டால் கழுவவும் என்று மட்டும் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் பொடியைப் போட்டாள், அதிரவிட்டாள், சுற்றினாள், வடித்தாள்.

பேராசிரியர் குடுவையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். வெளிச்சம் அந்தப் பக்கமே வரவில்லை.

“என்னம்மா இது? பழசைவிட நாலு மடங்கு கருப்பா இருக்கே.”

“மரத்தண்ணி சார். இனிமே இதுலேயே பண்ணலாமா?”

தாராளமாகப் பண்ணலாம் என்றார். கம்பெனிக்காரர்களிடம் பேசி இன்னும் பத்து லிட்டர் சாம்பிள் வரவழைக்கிறேன் என்றார். பாதுகாப்புக் குழுவில் ஒரு படிவம் மட்டும் போட்டுவிடச் சொன்னார். சொல்லிவிட்டுக் குடுவையோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நல்ல மனிதர். அணு அளவுக்குக் கீழே நடப்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதற்கு மேலே நடப்பதுதான் தெரியாது.

படிவம் ஒன்பதில் நாற்பத்து மூன்று கட்டம். பதினோராவது கட்டம், ஆபத்து எண். பழைய திரவத்துக்கு நான்கு. பென்சிலக்கா ‘இல்லை’ என்று எழுதினாள். கவுன்டரில் இருந்த அம்மாள் அதைக் கம்ப்யூட்டரில் தட்டினார். கம்ப்யூட்டர் சிவந்தது.

“எண் போடுங்கம்மா.”

“ஆபத்து இல்லீங்க இதுல. அதனாலதான் மாத்தறோம்.”

“ஆபத்து இல்லேன்னா பாதுகாப்புப் பிரிவுக்கு எதுக்கு வந்தீங்க?”

பென்சிலக்கா பாட்டிலோடு வந்த தாளை எடுத்து நீட்டினாள். கண்ணில் பட்டால் கழுவவும் என்று போட்டிருக்கிறதே, அதை வைத்து ஒரு சின்ன எண்ணாவது கொடுங்கள் என்று கெஞ்சினாள்.

“அது சோப்புக் கட்டிக்கும்தான் போட்டிருக்கு. ஏம்மா, நாலு வேணுமா, ஏழு வேணுமா சொல்லுங்க, நல்லா அங்கீகாரம் பண்ணித் தரேன். நேத்துகூட ஒருத்தர் ஒன்பது கொண்டுவந்தார். அரை மணி நேரத்துல முடிச்சு அனுப்பினேன். நீங்க ஒண்ணுமே இல்லாம வந்து நின்னா நான் எங்க சீல் குத்தறது?”

அம்மாள் தடித்த விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஆபத்து எண் இல்லாத திரவங்கள் எல்லாம் உணவகத்தின் பொறுப்பில் வரும் என்று ஒரு வரி இருந்தது. தண்ணீர், பால், டீ, இன்ன பிற. மரத்தண்ணி இன்ன பிறவில் அடங்கும்.

வெள்ளிக்கிழமை உணவக மேற்பார்வையாளரிடம் போனாள். அவர் கடமை தவறாதவர். தன் பொறுப்பில் வரும் எந்தத் திரவத்தையும் முதலில் தானே ருசி பார்ப்பது பதினெட்டு வருடப் பழக்கம். பாட்டிலைத் திறந்து மோந்தார், வாசனை பரவாயில்லை என்றார், ஆற்றிக் குடிப்பதா அப்படியே குடிப்பதா என்று விசாரித்துக்கொண்டே டம்ளரில் ஊற்றினார். டம்ளர் உதட்டுக்குப் போன கடைசி வினாடியில் பென்சிலக்கா எட்டிப் பிடுங்கினாள். மேற்பார்வையாளர் பேனாவைத் தேடி எடுத்தார். பிறகு படிவத்தில் எழுதினார்: ‘பானமா என்று முடிவு செய்ய இயலவில்லை. கொண்டுவந்தவரே பிடுங்கிக்கொண்டார்.’

இதற்குள் பத்து லிட்டர் கேன் வந்து சேர்ந்தது. எண் இல்லாத பொருளை உள்ளே விட முடியாது என்று வாசல் காவலர் அதைத் தன் நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஐந்து நாள் முடிந்திருந்தது. இரவில் அவள் புரண்டு புரண்டு படுத்தாள். பகலில் நடந்துகொண்டே இருந்தாள்.

கடைசியில் பாதுகாப்புக் குழுவுக்கே மேல்முறையீடு செய்தாள். செவ்வாய்க்கிழமை விசாரணை.

குழுவைப் பற்றி ஒரு வார்த்தை. பதினேழு பேர். அவர்களுடைய பெருமை நிலைய வாசலில் இருந்த மின்பலகை. ‘விபத்தில்லா நாட்கள்’ என்று எழுதி, கீழே சிவப்பில் எண். விசாரணை நாளன்று 3,993. அடுத்த செவ்வாய் நாலாயிரம். விழா, விருது, புகைப்படம் எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. பதினோரு வருடமாக ஒரு விபத்தும் நடக்காததற்குக் காரணம், விபத்து நடந்தது என்று அறிவிக்கும் அதிகாரம் குழுத் தலைவர் ஒருவருக்கே இருந்ததுதான். போன வருடம் மூன்றாம் அறையில் ஒருவருக்குக் கை வெந்தது. ‘சொந்தக் காரணங்களுக்காகக் கை சூடேறியது’ என்று பதிவானது.

நீள மேசையின் தலைமாட்டில் தலைவர் உட்கார்ந்திருந்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். உட்கார்ந்தபடி பேசும் வழக்கம் அவருக்கு இல்லை.

“பாதுகாப்புன்னா என்ன? ஒரு ஆபத்து இருக்கணும். நாம அதுக்குப் பக்கத்துல விழிப்பா நிக்கணும். இதுதான் பாதுகாப்பு. ஆபத்தே இல்லாத இடத்துல விழிப்பா நின்னா அதுக்குப் பேரு வேற. பழைய திரவத்தை நாங்க சும்மா வெச்சிருக்கோம்னு நினைக்காதீங்க. அதுக்கு முகமூடி வாங்கறோம். கையுறை வாங்கறோம். அதை எப்படிப் போடறதுன்னு மூணு நாள் பயிற்சி தரோம். வராதவங்களுக்கு மறுபயிற்சி. வந்தவங்களுக்குச் சான்றிதழ். வருஷம் ஒரு கருத்தரங்கு. நான் எழுதின ரெண்டு புத்தகமும் அதைப் பத்தித்தான். இந்தம்மா ஒரு பாட்டிலைத் தூக்கிட்டு வந்து, இதெல்லாம் தேவையில்லைங்கறாங்க. அப்ப இந்தப் பதினேழு பேரும் எங்க போறது? இவங்க கொண்டுவந்திருக்கறது திரவம் இல்ல. வேலையில்லாத் திண்டாட்டம்.”

பதினாறு பேர் மேசையைத் தட்டினார்கள்.

முகமூடி ஒன்று கூட ஏழாம் அறைக்கு வந்ததில்லையே என்று பென்சிலக்கா தணிந்த குரலில் கேட்டாள். முகமூடிகள் அனைத்தும் கீழ்த்தளத்தில் பூட்டிய அறையில் பாதுகாப்பாக இருக்கின்றன என்று ஓர் உறுப்பினர் தெளிவுபடுத்தினார். வெளியே எடுத்தால் பழுதாகிவிடும்.

ஆனாலும் தலைவர் நியாயவாதி. ஒரு திரவத்தை முன்முடிவோடு ஆபத்தற்றது என்று ஒதுக்கக் கூடாது. அதற்கும் ஒரு வாய்ப்புத் தர வேண்டும் என்றார். பொதுச் சோதனை என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, இரண்டாம் மாடி நடைபாதையில், குழுவினர் முன்னிலையில் மரத்தண்ணி தரையில் ஊற்றப்படும். யாருக்காவது ஏதாவது ஆகிறதா என்று பார்க்கப்படும். ஏதாவது ஆனால் அதற்குரிய எண். அதை வைத்து அனுமதி. அதற்காகக் கேனை உள்ளே விடத் தலைவர் தனிச் சீட்டு எழுதினார். கேனின் மேல் அதை ஒட்டினார்கள்: ‘தரையில் ஊற்ற மட்டும்.’

“யாருக்காவது மயக்கம் வரணும்னு வேண்டிக்கோ” என்றான் கணவன் வியாழக்கிழமை.

“நானே வேணா விழட்டுமா?”

அவன் சட்டென்று நிமிர்ந்தான். அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குப் பூட்டிய அறை முதல் முறையாகத் திறந்தது. பதினேழு பேரும் தலை முதல் கால் வரை வெள்ளை உடை, முகத்தில் கண்ணாடி முகமூடி, ஷூவுக்கு மேல் வழுவழுப்பான பிளாஸ்டிக் உறை. பயிற்சி கொடுத்தவர்களுக்கே அதைப் போட நாற்பது நிமிடம் ஆனது. அவர்களுக்கு நடுவே பென்சிலக்கா சாதாரண ஆய்வகக் கோட்டில், கையில் குவளையோடு நின்றாள். ஒரு லிட்டரை ஊற்றினாள்.

எல்லோரும் சுவரோரம் நின்று தரையைப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். ஒருவர் கடிகாரம் வைத்துக் குறித்துக்கொண்டிருந்தார். எங்கிருந்தோ ஓர் ஈ வந்து திரவத்தின் ஓரத்தில் உட்கார்ந்தது. பதினேழு முகமூடியும் ஈயை நோக்கிச் சாய்ந்தன. ஈ முன்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டது. பிறகு பறந்துபோனது. அதன் ஆரோக்கியம் குழுவுக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது.

நாற்பது நிமிடத்தில் தலைவர் பொறுமையிழந்தார். நிறமாவது மாறியிருக்கிறதா என்று கிட்டத்தில் பார்க்க இரண்டடி முன்னால் வந்தார். மூன்றாவது அடி மரத்தண்ணியில். வலது கால் ஜன்னலை நோக்கிப் போனது. இடது கால் படிக்கட்டை நோக்கிப் போனது. தலைவர் எந்தப் பக்கமும் சேராமல் நடுவில் உட்கார்ந்தார். கணுக்காலில் குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

பென்சிலக்காவுக்கு ஐயோ பாவம் என்பது முதலில் வந்தது. எண் கிடைத்துவிட்டது என்பது அதன் காலை மிதித்துக்கொண்டே வந்தது.

ஆனால் நடைபாதையில் வேறு எதுவோ நடந்தது. பதினாறு உறுப்பினர்களும் மெதுவாகத் திரும்பி, சுவரைப் பார்த்து நின்றார்கள். இன்றைக்கு 3,996. இன்னும் நாலே நாள். தலைவர் தரையில் கிடந்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு, கணீரென்று சொன்னார்: “விபத்து எதுவும் நடக்கலை.”

அதைப் பதிவு செய்ய ஒரு நேரடிச் சாட்சி தேவை. பதினாறு பேரும் ஒருவர் பின் ஒருவராக எழுதிக் கொடுத்தார்கள்: முகமூடிக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்ததால் எதையும் பார்க்கவில்லை. பார்க்காதவர் சாட்சி ஆக முடியாது. நடைபாதையில் முகமூடி இல்லாமல் நின்றவர் ஒரே ஒருத்தி.

சனிக்கிழமை காலை தலைவர் வீட்டுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

தலைவர் சோபாவில் சாய்ந்திருந்தார். மாவுக்கட்டுப் போட்ட கால் இரண்டு தலையணை மேல் அரியணை ஏறியிருந்தது. அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

“எங்க வீட்டுக் குளியலறையில வழுக்கி விழுந்தாராம். அப்படித்தான் எல்லாருக்கும் சொல்லணுமாம். இருபது வருஷமா அந்தத் தரையை நான் துடைக்கறேன். ஒரு எறும்பு வழுக்கினது கிடையாது.”

“நீ கொஞ்சம் உள்ள போறியா?”

அந்த அம்மாள் போகவில்லை. அவர் கண் பென்சிலக்கா மேல் இருந்தது. காபி வாசனை வந்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும், கை தானாக வயிற்றுக்குப் போனதையும் பார்த்துவிட்டார்.

“எத்தனை மாசம்மா?”

பொய் சொல்ல வாயெடுத்தாள் பென்சிலக்கா. வரவில்லை.

“மூணு முடியப் போகுதுங்க.”

தலைவர் தலையணையிலிருந்து முதுகை நிமிர்த்தினார். வலி மறந்த முகம். அதிகாரம் திரும்பிய முகம்.

“அப்ப விதிப்படி நான் உங்களைப் பாதுகாக்கணுமே.”

பென்சிலக்கா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். எழுந்து ஓடிவிடலாமா என்று ஒரு கணம். ஏழு வருடம், ஐந்து மாதம், துணிக்கடை. அப்போதுதான் அவள் எதிரே மேசையில் கிடந்த சாட்சிப் படிவம் கண்ணில் பட்டது. கையெழுத்துக் கோடு காலியாக இருந்தது.

“பாதுகாங்க சார்” என்றாள். “இன்னிக்கே பாதுகாங்க. அப்ப நான் நிலையத்து ஆள் இல்ல. நிலையத்து ஆள் இல்லாதவ சாட்சிக் கையெழுத்துப் போட முடியாதே.”

தலைவர் மறுபடி சாய்ந்தார். அவர் மனைவி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் கணவருடைய அலுவலில் அவருக்கு இப்படி ஒரு சுவாரசியம் வந்ததே இல்லை.

“உங்களுக்கு என்ன வேணும்?”

“திங்கட்கிழமை அந்தப் பீப்பாய் என் அறைக்கு வரக் கூடாது. மரத்தண்ணி வரணும்.”

அது முடியாது என்றார் தலைவர். எண் வேண்டும். எண்ணுக்கு விபத்து வேண்டும். விபத்து நடக்கவில்லை. நடக்காததை நடந்ததாக எழுத அவருடைய மனசாட்சி இடம் கொடுக்காது. மாவுக்கட்டைத் தடவிக்கொண்டே இதைச் சொன்னார்.

“அப்ப சோதனை இன்னும் முடியலைன்னு எழுதுங்க” என்றார் மனைவி.

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

“ஒரு தடவை ஊத்தினீங்க, ஒண்ணும் ஆகலை. தினம் ஊத்திப் பாருங்க. ஒரு வருஷம் ஊத்துங்க. எனக்கென்ன தெரியும், நான் வீட்டுல இருக்கறவ.”

தலைவருக்கு முகம் மெல்ல மலர்ந்தது. ஒரு வருடச் சோதனை என்றால் ஒரு துணைக்குழு. தினசரி அறிக்கை. மூன்று பார்வையாளர்கள். மூன்றாவது புத்தகம். பேனாவை எடுத்தார். தொடர் தரைச் சோதனைக்காக ஏழாம் அறைக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு லிட்டர் வழங்கலாம் என்று எழுதினார். சோதனை நடக்கும் அறையில் வேறு திரவம் இருந்தால் முடிவு கெட்டுவிடும். ஆகவே பழைய பீப்பாயை அங்கே வைக்கக் கூடாது என்று அடுத்த வரி.

“தரையில ஊத்தறதுக்கு முன்னாடி அதை நான்...” என்று ஆரம்பித்தாள்.

“ஊத்தறதுக்கு முன்னாடி அதை என்ன பண்றீங்கன்னு கேக்கறது குழுவோட வரம்புக்குள்ள வராது” என்றார் தலைவர், நிமிராமலே. “அந்த இன்னொரு விஷயமும் எனக்குத் தெரியாது. நான் வலி மாத்திரையில இருந்தேன்.”

அவள் கையெழுத்துப் போட்டாள். சாட்சியம் இப்படி இருந்தது: ‘தலைவர் சோதனையின் ஒரு பகுதியாகத் தரையைக் கிடந்த நிலையில் ஆய்வு செய்தார்.’

திங்கட்கிழமை கேன்கள் வந்தன. ஒவ்வொன்றின் மேலும் அதே சீட்டு. செவ்வாய்க்கிழமை நாலாயிரமாவது நாள் விழா நடந்தது. தலைவர் ஊன்றுகோலோடு மேடையேறி, பாதுகாப்பு என்பது ஒவ்வோர் அடியிலும் இருக்கிறது என்று பேசி விருது வாங்கினார். ஏழாம் அறையில் நாள் முழுக்க தொட்டி அதிர்ந்தது, இயந்திரம் சுற்றியது, கருப்பு மை குடுவை குடுவையாக நிறைந்தது. மாலை நான்கு மணிக்கு வெள்ளை உடையில் மூன்று பார்வையாளர்கள் வருவார்கள். பென்சிலக்கா ஒரு சின்னக் கிண்ணம் மரத்தண்ணியைத் தரையில் ஊற்றுவாள். மூவரும் பத்து நிமிடம் எட்ட நின்று பார்ப்பார்கள். ‘ஊற்றப்பட்டது. யாரும் விழவில்லை’ என்று எழுதிக்கொண்டு போவார்கள். துடைப்பது அவள் வேலை.

மூன்றாவது மாதம் தாண்டியது. நான்காவது வந்தது. ஒவ்வொரு நாள் காலையும் அவள் தூங்கி எழுந்து, இன்றைக்கு இருக்கிறதா என்று மூச்சைப் பிடித்துக் கவனித்தாள். இருந்தது. ஐந்தாவது மாதத்தில் அது உள்ளேயிருந்து பதில் சொல்ல ஆரம்பித்தது. ஆய்வகக் கோட்டு ஒரு சைஸ் பெரிதாக வாங்கிக்கொண்டாள். பேராசிரியர் ஒரு நாள் அவளை உற்றுப் பார்த்து, முகம் தெளிவாக இருக்கிறது, மரத்தண்ணி ஒத்துக்கொண்டதோ என்றார்.

ஒரு நாள் நான்கரை மணிக்கு, பார்வையாளர்கள் போன பிறகு, எட்டாம் அறைப் பெண் வாசலில் வந்து நின்றாள். கல்யாணமாகி ஒரு வருடம். வேலைக்கு வந்து எட்டு மாதம். முகம் வெளிறியிருந்தது.

“அக்கா, உங்களுக்கு வர வேண்டிய பீப்பாய் எங்க வந்துச்சு தெரியுமா?”

பென்சிலக்காவுக்குத் துடைக்கிற துணி கையில் நின்றது. இத்தனை நாள் அவள் அதைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. வாங்கிய பீப்பாய் வீணாகக் கூடாது. பக்கத்து அறையில் இடம் இருந்தது.

“நாள் தள்ளிப் போயிருக்குக்கா. இருபது நாள் ஆச்சு. வீட்டுல இன்னும் சொல்லலை. இங்கயும் சொல்லலை.” அவள் குரல் இறங்கியது. “உங்களுக்கு மட்டும் எப்படி மாத்திக் கொடுத்தாங்க? என்ன படிவம் போட்டீங்க?”

படிவத்தால் ஒன்றும் ஆகாது என்று பென்சிலக்கா சொன்னாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, நடந்தது அத்தனையும் சொன்னாள். கவுன்டர், உணவகம், ஈ, கணுக்கால், சாட்சிக் கையெழுத்து. பெண் நகத்தைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப இன்னொருத்தர் விழணும்.”

“பெரிய ஆளா இருக்கணும். சும்மா யாரோ விழுந்தா சொந்தக் காரணம்னு எழுதிடுவாங்க.”

மூலையில் கேன்கள் அடுக்கியிருந்தன. பென்சிலக்கா ஒன்றைத் திறந்து, ஒரு பாட்டிலில் ஊற்றி மூடினாள். உள்ளே ஓர் உதை விழுந்தது, அவள் கவனிக்கவில்லை.

“உங்க அறைக்கு ஆய்வுக்கு யார் வருவாங்க?”

“குழுத் துணைத்தலைவர். வர்ற வியாழக்கிழமை.”

“அவர் ஷூ எப்படி இருக்குன்னு நாளைக்குக் கவனிச்சு வை.”

பெண் பாட்டிலை வாங்கித் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள்.

“நேத்து படியில முன்னாடி ஏறினார், அப்பவே பார்த்துட்டேன்க்கா. அடி நல்லாத் தேஞ்சிருக்கு.”